சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன்

மகனே,

போனில் நாம் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து யாராவது கேட்டால், வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர் என்றுதான் நினைப்பார்கள். இங்கே மழை விட்டதா, அங்கே வெயில் எப்படி, மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டதா, பஸ் ஓடுகிறதா. அதற்கு மேல் உனக்கும் பேச வராது, எனக்கும் வராது. ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஏலச்செடியின் மரபியல் பற்றிப் பொது வாசகர்களுக்குப் புரியும்படி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் அது வரவில்லை, இதுதான் வந்தது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உனக்கு அனுப்புவேன். நீ வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன். அத்தையிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். “எம்பேர மட்டும் போட்டுராதீங்க மதினி, மத்ததெல்லாம் போட்டுக்கங்க. முந்தி நல்லா செவப்பா இருந்தேன்னு ஒரு வரி சேத்துக்கங்க” என்று சிரித்தாள். அவள் ஒருநாளும் சிவப்பாக இருந்ததில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உனக்குத் தெரிந்த விஷயங்களையே திரும்பச் சொல்கிறேனே என்று அலுத்துக்கொள்ளாதே. படிக்கிற மற்றவர்களுக்கு அது வேண்டும். உனக்குத் தெரியாத ஒன்றும் நடுவில் இருக்கிறது. அன்று மத்தியானம் நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்பது உனக்குத் தெரியாது. தொழில் புத்தி என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

என் தொழிலைப் பற்றி உன் நண்பர்களிடம், “எங்க அம்மா ஏலச்செடிக்கு ஆதார் கார்டு குடுக்குறாங்க” என்று சொல்வாய். அதைவிடச் சுருக்கமாக நானும் சொன்னதில்லை. நம் மலையில் யாரும் ஏலத்தை விதை போட்டு வளர்ப்பதில்லை. நன்றாகக் காய்க்கிற செடியின் தூரைப் பிரித்து, தட்டை என்கிற பக்கக் கன்றை எடுத்து நடுகிறார்கள். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. ஒரு சரிவு முழுவதும் பச்சையாக நிற்பது உண்மையில் ஒரே செடிதான். பெயர் பெற்ற ரகம் என்றால் தட்டைக்கு மவுசு அதிகம். பெயரைச் சொல்லி வேறு எதையாவது விற்பவர்களும் உண்டு. சந்தேகம் வந்தவர்கள் இலையைப் பறித்துப் பேப்பரில் சுற்றி எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டு வருவார்கள். மரபணுவைப் பிரித்துப் பார்த்து, நீங்கள் நினைக்கிற செடி இதுதான், அல்லது இது அல்ல என்று சொல்வது என் வேலை. ஒருமுறை கம்பம்மெட்டுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம், உங்கள் தோட்டம் முழுக்க வேறு ரகம் என்று சொன்னேன். அவர் இலையைத் திரும்ப வாங்கிப் பேப்பரில் சுற்றினார். “டாக்டரம்மா, இத்தன வருசமா அந்தப் பேரச் சொல்லித்தான் தண்ணி பாய்ச்சுறேன். செடிக்கே அந்தப் பேரு பழகியிருக்கும். இப்பப் போயி வேறங்குறீங்களே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லி எல்லாரும் சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய்.

நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவள். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் சாமியார் பேசுவார், மக்கள் கேட்பார்கள், பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போவார்கள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்த பிறகுதான் சாட்சி சொல்வது என்ற வழக்கத்தைப் பார்த்தேன். ஆராதனை நடுவில் பாஸ்டர், “சாட்சி சொல்றவங்க சொல்லலாம்” என்பார். ஒருவர் எழுந்து, காய்ச்சல் விட்டுப்போனது, பசு கன்று போட்டது, கொக்கியில் சிக்கிய விரல் தப்பியது என்று சொல்லுவார். சபை முழுவதும் “ஸ்தோத்திரம்” என்று சொல்லும். முதலில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. பிறகு, இது நல்ல வழக்கம்தான், ஆனால் எனக்கு ஆகாது என்று முடிவு செய்தேன். காய்ச்சல் தானாகவே விட்டிருக்காதா என்று என் மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். உன் அத்தைக்கு இது தெரியும். “மதினி எந்திரிச்சுச் சாட்சி சொல்ல மாட்டாங்க. உக்காந்த எடத்துலயே ஆதாரம் கேப்பாங்க” என்று பெண்கள் வரிசையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வாள். என் பாலக்காட்டுப் பேச்சையும் விட மாட்டாள். “ஏனுங்க மதினி, சாட்சி சொல்லலீங்களா?” என்று இழுப்பாள்.

உன் அப்பா நேர் எதிர். எஸ்டேட் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார், நின்று பேசுவதற்கென்றே பிறந்தவர். உன் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குச் சாட்சி, காலேஜில் இடம் கிடைத்ததற்குச் சாட்சி, ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததற்குச் சாட்சி. நீ சிறுநீரகச் செல்களில் வேலை செய்து, அவை தழும்பாகிக் கெட்டியாவதை ஒரு வேதிப்பொருள் தடுக்கிறது என்று கண்டு, அது ஒரு நல்ல ஆய்விதழில் வந்தபோது அவர் சும்மா இருப்பாரா? அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எழுந்தார். கிட்னி நோய்க்கு நம்ம பையன் மருந்து கண்டுபிடிக்கத் தேவன் கிருபை செய்தார் என்றார். சபை சொன்ன ஸ்தோத்திரத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. வீட்டுக்கு வந்ததும், “அவன் பண்ணுனது தட்டுல வளர்க்குற செல்லுலங்க. மருந்துங்கறது ரொம்பத் தூரம்” என்றேன். “தெரியும். சாட்சிக்கு அடிக்குறிப்பு எங்க போடுறதுன்னு நீயே சொல்லு” என்றார். போனில் கேட்டுக்கொண்டிருந்த நீயும் சிரித்தாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

அப்போது அத்தைக்கு உடம்பில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கால் வீக்கம், களைப்பு. ஏலக்காய் ஸ்டோரில் உட்கார்ந்தே காய் பிரிக்கிற வேலை, அதனால் வீங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ரத்தம் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது, டயாலிசிஸ் தொடங்க வேண்டும், அதற்கு முன் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் சின்ன ஆபரேஷன் ஒன்று செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கூடப்பிறந்த உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கிட்னி கொடுக்க முடியாது. வேறு யாரிடமும் வாங்குகிற பேச்சை எடுத்தாலே அத்தை காதைப் பொத்திக்கொள்வாள். ஆனால் ஆபரேஷனுக்கு ஏன் போகவில்லை என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை. காயெடுப்பு முடியட்டும் என்றாள். மழை முடியட்டும் என்றாள். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, நான் வேலைக்குப் போன வருஷங்களில் உன்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள். பயத்தில் தள்ளிப்போடுகிறாள் என்று நினைத்தோம்.

நீ முழுதாக அறியாத பகுதி இதுதான். ஒருநாள் அவளைச் செக்கப்புக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மலையாளிப் பெண் இருந்தாள், ஆய்வு மாணவி. நோயாளிகள் சிகிச்சையை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. உடல்நல உளவியல் என்றாள். எனக்கு அந்தத் துறைமீது பெரிய மரியாதை இருந்ததில்லை. மனிதன் சொல்வதை எண்ணாக்கிக் கூட்டிக் கழிப்பது எனக்கு அறிவியலாகப் படவில்லை. அத்தைக்குச் சந்தை மலையாளம் நன்றாக வரும், ஆனால் அந்தப் பெண்ணின் கேள்விகள் அச்சடித்த மலையாளத்தில் இருந்தன. அதனால் நான் நடுவில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். உங்கள் நோய் குணமாகும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், பத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்பது ஒரு கேள்வி. அத்தை யோசிக்கவே இல்லை. “பத்துக்குப் பத்து” என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, ஏன் என்று கேட்டாள். “எம் மருமவன் மருந்து கண்டுபிடிச்சிட்டான். எங்க சபையில எல்லாருக்கும் தெரியும். அவன் கொண்டு வர்றதுக்குள்ள கைய வெட்டிக் கொழாயச் சேத்துப்புட்டா அப்பறம் அந்த மருந்து பிடிக்குமோ என்னமோ. அதான் பொறுத்துக்கிட்டு இருக்கேன். மொழிபெயர்த்துச் சொல்லுங்க மதினி.”

மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். எழுதும்போது ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஜீப்பில் அத்தையிடம், அது மருந்து இல்லை, தட்டில் உள்ள செல்களில் நடந்தது, மனிதர்களுக்கு வர நெடுங்காலம் ஆகும், வராமலும் போகலாம் என்று என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், “நீங்க அப்பிடித்தான் சொல்லுவீக. ஒங்க சுபாவம் அது” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஆய்வகத்திலிருந்து உனக்குப் போன் செய்தேன். அத்தையின் பத்துக்குப் பத்தைப் பற்றிச் சொல்லத்தான் எடுத்தேன். உன் குரல் கேட்டதும் அது வரவில்லை. நீ அங்கே தனியாக இருக்கிறாய், இந்தப் பாரத்தை உன்மேல் ஏன் வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் உயிரைப் பணயம் வைத்து நம்புகிற இந்த விஷயத்தில் உள்ளே ஏதாவது இருக்கிறதா, ஒரு குன்றிமணி அளவாவது இருக்கிறதா என்று. அதைக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி என் தொழிலில் கேட்கிற வழிதான். “அந்தச் செல் எல்லாம் கிட்னி செல்தான்னு சோதிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “அம்மா, நான் சேர்றதுக்கு முன்னாடியே அது எங்க லேப்ல இருக்கு. எல்லாரும் அதுலதான் வேலை பார்த்திருக்காங்க” என்றாய். “அதனாலதான் கேக்குறேன்” என்றேன். நீ சிரித்துக்கொண்டே, “சரிங்க டாக்டரம்மா, ஆதார் கார்டு எடுத்துருவோம்” என்றாய். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினோம்.

அந்தச் சோதனையின் முடிவு வந்த அன்று நீ என்னிடம் சொன்னது ஒரே வரி: “அம்மா, அது வேற செல்.” எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆய்வகங்களில் செல்களைக் குடுவையில் ஊட்டம் கொடுத்து வளர்த்து, பெருகப் பெருகப் பிரித்து வேறு குடுவைக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எப்போதோ ஒருநாள், யாரோ ஒருவர் கையில், வேறு செல் ஒரு துளி கலந்திருக்கிறது. வேகமாகப் பெருகுகிற புற்றுச் செல். அது மெல்ல மெல்ல மற்றதை அழித்துவிட்டு அந்த இடத்தில் தானே நின்றுவிட்டது. குடுவைமேல் ஒட்டிய பெயர் மட்டும் மாறவில்லை. நீ இரவும் பகலும் பார்த்துப் பார்த்து வளர்த்தது சிறுநீரகமே அல்ல. தழும்பு தடைபட்டது உண்மை, ஆனால் அது யாருடைய தழும்பு என்று சொல்ல முடியாது. நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்த அந்தத் தோட்டக்காரரின் இடத்தில் நீ நின்றாய்.

உன் கைடு நல்ல மனிதர்தான். கட்டுரையைத் திரும்பப் பெறத்தான் வேண்டும், ஆனால் உன் ஆய்வுக்காலம் முடியப் போகிறது, உதவித்தொகை நீளுமா தெரியாது, கொஞ்சம் யோசித்துச் செய்வோம் என்றார். நீ யோசிக்கவில்லை. அவரையும் சம்மதிக்க வைத்து, ஆய்விதழுக்கு இருவருமாக எழுதிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டாய். வந்தவன் படுத்தாய். கூப்பிட்டால் சாப்பிட வருவாய், மீண்டும் போய்ப் படுப்பாய். உன் அப்பா கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஜெபம் செய்தார். எனக்கு ஜெபமும் வராது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அறைக்குள் துணி எடுப்பதுபோல வந்து, நீ மூச்சு விடுகிறாயா என்று பார்த்துவிட்டுப் போனேன். தூக்கத்தில் அல்ல, நீ விழித்திருக்கும்போதே. உனக்கு அது தெரிந்திருக்கும். மரபணுவைப் பிரித்துப் படிக்கிறவள், பெற்ற பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைத் தவிர வேறு எதையும் படிக்க முடியாமல் நின்றேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாமே என்று பலமுறை நினைத்தேன். நினைத்து முடித்ததும், திரும்ப அந்த மத்தியானம் வந்தால் திரும்பக் கேட்பேன் என்றும் தெரிந்தது. இதை எப்படி உன்னிடம் சொல்வது? மன்னிப்புக் கேட்க என்னிடம் தவறு இல்லை. தவறு இல்லாததால் கேட்கவும் முடியாமல் நின்றேன்.

அந்த வாரம்தான், நான் அவரிடம் மட்டும் சொல்லியிருந்த அத்தையின் பத்துக்குப் பத்தை உன்னிடம் உன் அப்பா உளறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே நீ குளித்துவிட்டு எங்களோடு கிளம்பி வந்தாய். பாஸ்டர் சாட்சிக்கு நேரம் கொடுத்தபோது நீ எழுந்துவிட்டாய். “எங்க அப்பா எனக்காக இங்க சாட்சி சொன்னாங்க. அது சரியில்ல. அப்பா மேல தப்பில்ல. நான் கிட்னி செல்லுன்னு நெனைச்சு வேலை பார்த்தது கிட்னி செல்லே இல்ல. அதனால மருந்தும் இல்ல. யாராவது அதை நம்பிக் காத்துக்கிட்டு இருந்தா, தயவுசெஞ்சு காத்திருக்காதீங்க” என்றாய். கெட்ட செய்தியைச் சாட்சியாகக் கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து காது மந்தமான பெரியவர் ஒருவர், வழக்கம்போல, முழுக் குரலில் “ஸ்தோத்திரம்!” என்றார். சபையும் பழக்கத்தில் “ஸ்தோத்திரம்” என்றது. இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில் உன் சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது, எழுந்து போய் அதைச் சரிசெய்ய முடியவில்லையே என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம், எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் இருக்கும் அத்தையின் லயத்து வீட்டில் நாம் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் நமக்குப் பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, தனக்கு டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீர்தான் என்பதால் சும்மா உட்கார்ந்தாள். பாதம் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது.

“செல்லு மாறிப்போச்சு. சரி மருமவனே. சரியான செல்லு எங்கயாச்சும் இருக்கும்ல?”

“இருக்கு அத்தை. வாங்கலாம்.”

“அத வாங்கிப் போட்டு மறுபடி பாரு.”

“பார்த்தா ஒண்ணும் இல்லாமலும் போகலாம்.”

“போகலாம். போகும்னு இப்பத் தெரியுமா?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “மதினி, நீங்க பொய் சொல்ல மாட்டீக. அந்த மருந்து கிட்னியில வேல செய்யாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

உன் அப்பா என்னைப் பார்த்தார். தெரியும், செய்யாது என்று ஒரு சொல் சொன்னால் அவள் மறுநாளே ஆபரேஷனுக்குப் போகலாம், அல்லது இனி எதற்கும் போகாமல் முடங்கிவிடலாம். எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சரியான செல்லில் இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். “தெரியாது” என்றேன்.

“பெறகென்ன? அம்மாவுக்கும் தெரியல, மவனுக்கும் தெரியல. தெரியாம எதுக்கு ரெண்டு பேரும் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீக?”

“அத்தை, செல்லுல சரியா வந்தாக்கூட அடுத்து எலிக்குக் குடுத்துப் பார்க்கணும், அப்பறம் நிறைய இருக்கு. வருஷக்கணக்கா ஆகும்” என்றாய்.

“எலிக்கெல்லாம் குடுத்துட்டு எனக்குக் கடைசியிலயா? நல்லாருக்குடா ஒன் நியாயம்!”

உன் அப்பா சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நீயும் சிரித்தாய். சிரித்த வேகத்தில், “அதுவரைக்கும் நீங்க இருக்கணும்ல? அதுக்கு ஆபரேஷன் பண்ணிக்கங்க, டயாலிசிஸ் போங்க” என்றாய். அத்தை உன்னையே பார்த்தாள். “நீ திரும்பிப் போயி வேலையப் பாரு. நான் ஆசுபத்திரிக்குப் போறேன். நீ இங்க போர்வையப் போத்திக்கிட்டுக் கெடந்தா நானும் இப்பிடியேதான் கெடப்பேன். சொல்லிப்புட்டேன்.” நீ சரி என்றாய்.

மகனே, அந்த ‘சரி’யை நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நீ நம்பாத ஒன்றை நம்புவதுபோல் தலையாட்டினாயா? இல்லை, உன்னைப் படுக்கையிலிருந்து எழுப்ப அவள்தான் தன் நம்பிக்கையைக் காட்டிப் பேரம் பேசினாளா? ஒருவேளை இருவருமே உண்மையாகத்தான் சொன்னீர்களா? ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதைப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அந்த மலையாளிப் பெண்ணை மறுபடி பார்த்தபோது, ஆதாரமில்லாத நம்பிக்கை நோயாளிக்கு நல்லதா கெட்டதா, உங்கள் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன். சிலரை அது சிகிச்சைக்கு வரவைக்கிறது, சிலரை வரவிடாமல் வைக்கிறது, ஒரே ஆளுக்கே இரண்டையும் செய்வதுண்டு, எப்போது எது என்று எங்களுக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை மேடம் என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் நான் அத்தைக்குச் சொன்ன பதிலும் அதுவேதான். அதற்குப் பிறகு அவள் துறையை நான் கேலி செய்வதில்லை.

பெற்றவள் எழுதுகிற கடிதத்தில் நாலு புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். புதிதாக வருகிற செல்லை வந்த அன்றே சோதித்துவிடு. யார் கொடுத்தாலும், எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும் சோதி. அதற்காகச் சாப்பிடாமல் இருக்காதே. முடிவு நீ விரும்புகிற மாதிரி வந்தால் இரண்டாம் முறை பார், விரும்பாத மாதிரி வந்தாலும் இரண்டாம் முறை பார். நம்மைப் போன்றவர்கள் முதலாவதைத்தான் மறப்போம் என்று எல்லாரும் சொல்வார்கள். நீயும் நானும் இரண்டாவதைத்தான் மறப்போம். கெட்டது என்றால் உடனே நம்பிவிடுகிற சுபாவம் நமக்கு. சந்தேகப்படுகிறோம் என்று பெயர், ஆனால் அதுவும் ஒருவகைக் குருட்டு நம்பிக்கைதான். அத்தைக்காக அவசரப்படாதே. அவளுக்கு இருக்கிற காலமும் உன் சோதனைக்குத் தேவைப்படுகிற காலமும் ஒன்றையொன்று தொடாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதைச் சொல்ல இவ்வளவு பக்கம் எழுத வேண்டியதாயிற்று. அவளும் இதை அச்சில் படிப்பாள். அது தெரிந்தும்தான் எழுதினேன். படித்துவிட்டு என்ன சொல்வாள் என்றும் எனக்குத் தெரியும்.

நீ திரும்பிப் போனதும் அவளும் சொன்னபடி ஆபரேஷனுக்குப் போனாள், இப்போது டயாலிசிஸ் நடக்கிறது. ஆபரேஷன் காயம் ஆறிவிட்டது. ஜீப்பில் நான்தான் கூடப் போகிறேன். படுக்கையில் படுத்ததும், நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு வரும்போது, அத்தை கையை உள்ளே இழுத்துக்கொண்டு என்னிடம், “மருமவன் என்னா செய்றான் மதினி?” என்று கேட்பாள். பயம். ஊசி பெரிது, நீ பார்த்தால் உனக்கும் தாங்காது. நான், “வேலை செய்றான்” என்பேன். உடனே கையை நீட்டிவிடுவாள். உன்னோடு முந்தின நாள் பேசியிருப்பேன், அதனால் எனக்கு அதைச் சொல்வதில் சங்கடம் இல்லை.

போன வெள்ளிக்கிழமை அப்படி இல்லை. அதற்கு முன்னால் சில நாட்களாக உன்னோடு பேசவில்லை. அவள் கேட்டாள். சிக்னல் இல்லை, இதோ கேட்டுவிட்டு வருகிறேன் என்று வராந்தாவுக்குப் போய் உன்னைக் கூப்பிட்டேன். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தேன். நீ எடுக்கவில்லை. உன் அறையில் போர்வைக்குள் கிடக்கிறாயா, செல்களின் முன்னால் கையுறை போட்டு உட்கார்ந்திருக்கிறாயா, எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் நர்ஸ் காத்துக்கொண்டிருந்தாள், அத்தை கையை மார்போடு வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனேன். “வேலை செய்றான்” என்றேன். கையை நீட்டினாள்.

சாயங்காலம் நீ ‘லேப்’ என்று ஒரே சொல் அனுப்பினாய். நம்பினேன். அன்று எங்கே இருந்தாய் என்று உன்னிடம் கேட்கப் போவதில்லை. வரும் செவ்வாய்க்கிழமை நாங்கள் மறுபடி போகிறோம்.

அம்மா